ஒரு வயதைத் தொடும் பிள்ளை: மொட்டைமாடியில் கேட்ட கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரே காலத்தில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு வயதை எட்டினார்கள். பின்னேரம் ஐந்தரைக்குக் கடல்காற்று வரத் தொடங்கியதும் மொட்டைமாடியில் காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே பாயை விரித்து, ஐந்தையும் விட்டுவிட்டு நாங்கள் கதைத்துக்கொண்டிருப்போம். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. பதிலில் பாதி எங்களுக்கு நடந்தது, மீதி கிளினிக்கில் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டது. நான் டொக்டர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் தாய். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பிறந்தநாள் வந்துவிட்டது, இன்னும் நடக்கவில்லை. பயப்பட வேண்டுமா?

எங்கள் ஐவரில் பிறந்தநாளன்று நடந்தது ஒரே ஒரு பிள்ளை. இரண்டு பேர் சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்கள். ஒருத்தி தவழ்ந்தாள். இரண்டாம் மாடிப் பையன் இருந்த இடத்திலிருந்தே அரக்கி அரக்கி, வழுக்குகிற டைல்ஸ் தரையில் ஒரு காலை மடித்து மற்றக் காலைத் துடுப்புப் போல வலித்து, நடக்கிறவர்களை முந்திக்கொண்டு போனான். இன்றைக்கு ஐந்து பேரும் படியில் ஓடி ஏறுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளை மாதாமாதம் பார்த்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, பிடிக்காமல் தனியாக நடப்பது 8 மாதத்தைத் தாண்டியதும் வரலாம், 17 மாதம் முடிந்தபிறகும் வரலாம். இரண்டும் சரியான அளவுக்குள்தான். சராசரி 12 மாதத்தை ஒட்டி விழுகிறது. அதனால்தான் "ஒரு வயதில் நடக்கவேணும்" என்று எல்லோர் வாயிலும் வருகிறது. சராசரி என்றால் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் நடப்பார்கள் என்பதை மாமிமார் கணக்கில் எடுப்பதில்லை.

18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். அதற்கு முன்பு கவனிக்க வேண்டியது திசையை. போன மாதம் செய்யாத ஒன்றை இந்த மாதம் செய்கிறதா? எழும்பி நிற்கப் பார்க்கிறதா? தூக்கி நிறுத்தினால் காலில் பாரம் கொடுக்கிறதா? கொடுக்கிறது என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

தவழவே இல்லை, நேரே எழும்பி நின்றுவிட்டான். மூளைக்கு நல்லதில்லை என்கிறார்களே?

மேலே சொன்ன அதே கணக்கில், நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் போலக் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அவர்களும் ஆரோக்கியமான பிள்ளைகள்தான். நின்றுவிட்ட பிள்ளையைத் தவழச் சொல்லி மீண்டும் தரையில் அமுக்கத் தேவையில்லை.

வோக்கர் வாங்கலாமா? சீக்கிரம் நடக்கும் என்று கடையில் சொன்னார்கள்.

வேண்டாம். வோக்கரில் பிள்ளை நுனிக்காலால் தள்ளிப் பழகுகிறதே தவிர, தன் பாரத்தைத் தானே சமாளித்து நிற்கப் பழகுவதில்லை. கனடா 2004இல் அதை விற்கவே தடை செய்துவிட்டது, காரணம் படியில் உருண்டு விழுந்த பிள்ளைகள். எங்கள் மூத்தவளுக்கு வந்த வோக்கர் ஒரு அன்பளிப்பு. லிப்ட் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் இடையில் நான் கதவைச் சாத்த மறந்த அரை நிமிடத்தில் முதல் படி விளிம்புக்கே போய்விட்டாள். அன்றைக்கே அதைக் கட்டி மேலே போட்டேன். பாரமான பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கவிழ்த்துக் கொடுத்தால் தள்ளிக்கொண்டு நடக்கும். வெறுங்கால்தான் நல்லது. டைல்ஸில் சொக்ஸ் போட்டால் வழுக்கும். அழுத்தினால் சத்தம் போடுகிற அந்தச் சப்பாத்துகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கீழ் வீட்டுக்காரர் சொல்வார்.

எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எதை நம்புவது?

பிள்ளை பிறந்ததும் தருகிறார்களே, அந்தச் சுகாதாரப் பதிவேட்டை. நாங்கள் கிளினிக் கொப்பி என்போம். ஊசித் திகதியும் நிறையும் மட்டும்தான் அதில் இருக்கிறது என்று நினைத்துப் பலர் அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன, தமிழிலும் வாசிக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார். எங்களில் ஒருத்தி தனியார் டொக்டரிடமே காட்டிவந்ததால் கொப்பியின் நிறைக் கோட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை. நிறை குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் கோடே இல்லாமல் போனது. யாரிடம் காட்டினாலும் கொப்பியைக் கொண்டுபோங்கள்.

நம்மிடம் இன்னொரு அட்டவணையும் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்தது: பிள்ளைத்தமிழின் பத்துப் பருவம். ஐந்தாம் மாதம் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கை கொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் நடந்து வா என்று அழைக்கும் வாரானை, பதினைந்தில் நிலாவைக் கூப்பிடும் அம்புலி. ஒரு நாள் கொப்பியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை தட்டுவது, கூப்பிட்டால் வருவது, தூரத்தில் உள்ளதை விரலால் காட்டுவது, எல்லாம் ஏறத்தாழ அதே வரிசையில் கிடக்கிறது. நடப்பதைப் பன்னிரண்டில் வைக்காமல் பதின்மூன்றில் வைத்த புலவருக்கு வீட்டில் பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

7 வாரம் முந்திப் பிறந்த பிள்ளை. எந்த வயதை வைத்துப் பார்ப்பது?

வளர்ச்சிக்கு 7 வாரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பிறந்தநாளன்று அந்தப் பிள்ளையின் கணக்கு பத்து மாதமும் சொச்சமும்தான். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். ஊசிக்கு மட்டும் கழிக்க வேண்டாம், அது பிறந்த திகதியை வைத்தே போகும்.

வீட்டில் தமிழ், ஆயா சிங்களம், அண்ணன்மார் ஆங்கிலம். அதனால்தான் பேச்சு வரவில்லையா?

கொழும்பில் இதைக் கேட்காத தாய் இல்லை. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும், அங்கேதான் நாம் பிழை விடுகிறோம். நாலாம் மாடி அக்கா தன் மகன் "அம்மா" தவிர ஒன்றும் சொல்வதில்லை என்று அழுதுகொண்டிருந்தார். பாயில் இருந்து எண்ணிப் பார்த்தோம்: தண்ணீருக்கு "வத்து", பாலுக்கு "கிரி", ரயில் போனால் "கூ", பந்துக்கு "போ". முதல் இரண்டும் ஆயாவின் சிங்களம். நாலு சொல் கூடுதலாகக் கிடைத்தது. பன்னிரண்டு மாதத்துக்கு அது தாராளம்.

வேடிக்கையும் உண்டு. ஹட்டனிலிருந்து வந்த தங்கச்சியின் வீட்டில் தாத்தா என்றால் அவளுடைய அப்பா. ஆயாவின் மொழியில் தாத்தா என்றால் பிள்ளையின் அப்பா. பிள்ளை யாரைப் பார்த்து "தாத்தா" என்றாலும் இரண்டு ஆண்களும் ஒன்றாகத் திரும்புவார்கள். எங்கள் வீட்டில் "என்ன" படும் பாடு இன்னும் மோசம். நான் "என்ன?" என்றால் கேள்வி. ஆயா "என்ன" என்றால் சிங்களத்தில் வா என்று அர்த்தம். சின்னவன் என் கேள்விக்கும் எழும்பி வந்துவிடுவான்.

பேச்சை விட இந்த வயதில் முக்கியமானது பேச்சுக்கு முன்னால் வருவது. பெயர் சொன்னால் திரும்புகிறதா? "டாட்டா" காட்டினால் கை ஆட்டுகிறதா? வேண்டியதை நோக்கிக் கை நீட்டுகிறதா, விரலால் காட்டத் தொடங்குகிறதா? "பாபா, மாமா" என்று ஏதாவது இடைவிடாமல் உளறுகிறதா? இவை இருந்தால் சொல் பின்னால் வரும். இவை ஒன்றும் இல்லாவிட்டால் மொழிகளைக் குறை சொல்லிக் காலம் கடத்தாமல், முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள்.

நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை, ஒரு வயதோடு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

முதல் வருடத்தில் பிள்ளை பிறந்த நிறையைப் போல மூன்று மடங்காகிறது. 3 கிலோவில் பிறந்தால் 9 கிலோ. இரண்டாம் வருடம் முழுவதற்கும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. நாம் மட்டும் அதே கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு பின்னால் ஓடுகிறோம்.

எங்கள் வீட்டில் அம்மம்மா தீத்தினால் நாற்பது நிமிடம், பல்கனியில் காகம் காட்டி, ரயில் காட்டி. ஒரு நாள் அவருக்கு முழங்கால் வலி. தட்டைப் பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தோம். பருப்பும் சோறும் பிசைந்ததில் பாதி தரைக்கு, கால்வாசி தலைக்கு, மீதி வாய்க்கு. அதற்கு இடையில் ஒற்றைச் சோற்றுப் பருக்கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் வைத்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு உள்ளங்கையால் வாரிக்கொண்டிருந்தவன். அந்தக் கிள்ளலும் வளர்ச்சிதான், கொப்பியில் அதற்கும் இடம் இருக்கிறது. அடுத்த நாள் அதே நுணுக்கத்தோடு பாயில் ஓடிய எறும்பையும் எடுத்தான், அதை எழுதவில்லை.

இரும்புச்சத்தைக் கவனியுங்கள். ஈரல், மீன், முட்டை, பருப்பு, முருங்கையிலை, கீரை எல்லாம் வீட்டில் சமைப்பதுதான். உப்பும் உறைப்பும் போட முன்பு பிள்ளைக்கு எடுத்துவிட்டால் போதும். தேசிக்காய் இரண்டு துளி விட்டால் கீரையிலிருக்கும் இரும்பு நன்றாக உடலில் சேரும். பசும்பாலோ பால்மாவோ நாளுக்கு அரை லீற்றரைத் தாண்டினால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இராது. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள், தேயிலை இரும்பைத் தடுக்கும். தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஒரு வயதோடு நிறுத்து என்று சொல்பவரிடம் தலையாட்டிவிட்டுக் கொடுங்கள்.

எதைக் கொடுக்கவே கூடாது?

தேன், ஒரு வயது முடியும்வரை. நாக்கில் தொட்டு வைப்பதும் சேர்த்துத்தான், அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளையின் குடலில் நஞ்சாகும். கச்சான் முழுதாக வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். றம்புட்டான் சீசனில் மிகுந்த கவனம்: வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைத்துவிடும், இலங்கையில் இதனால் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். விதையை எடுத்துவிட்டுச் சதையைச் சிறிதாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

இன்னும் ஒரு பல்லும் இல்லை. பல்லுக்கொழுக்கட்டை எப்போது கொட்டுவது?

முதல் பல்லைக் கொண்டாடிப் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டும் சடங்கு, பல் வந்த பிறகுதான். பிறந்தநாளோடு சேர்த்துச் செய்துவிடலாம் என்று மண்டபம் எடுத்த ஒரு வீட்டில் பல் வரவில்லை. கொழுக்கட்டைக்குப் பல் போலத் தேங்காய்ச் சொட்டு வைத்ததைப் பார்த்து, "பிள்ளையைவிடக் கொழுக்கட்டைக்குப் பல் முந்திவிட்டது" என்று அப்பம்மாவே சிரித்தார். எதை எடுக்கும் என்று பார்க்க முன்னால் வைத்த புத்தகம், பேனை, காப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பிள்ளை பிடித்தது தட்டத்தின் விளிம்பை. அதற்கு என்ன பலன் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பெரும்பாலும் கீழ் நடுப்பல் இரண்டும் ஆறு மாதத்தை ஒட்டி வரும், சிலருக்கு ஒரு வயதுக்குப் பிறகு. 18 மாதமாகியும் ஒன்றும் இல்லையென்றால் பல் டொக்டரிடம் காட்டுங்கள். முதல் பல் வந்ததும் துலக்கத் தொடங்க வேண்டும், ஒரு அரிசி அளவு பற்பசை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் "பல்லுக் காய்ச்சல்" என்று விடாதீர்கள். கொழும்பில் டெங்கு இருக்கிறது. நிறைக்குத் தக்க அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், ஐபுப்ரோஃபன் வேண்டாம். டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு வயதில் என்ன ஊசி?

12 மாதம் முடிந்ததும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. 9 மாதத்தில் சின்னமுத்து முதலிய மூன்றுக்குமான ஊசி போட்டிருக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் இப்போதே சொல்லுங்கள். அடுத்தது 18 மாதத்தில். எல்லாம் கிளினிக்கில் இலவசம். விற்றமின் ஏ துளியையும் கேட்டு வாங்குங்கள்.

யாரிடமும் போகாமல் கத்துகிறது. குளியலறைக்குக் கூடப் போக முடியவில்லை.

நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கத்தும்போது அப்படித் தோன்றாது. எட்டு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயதுவரை இது உச்சத்தில் நிற்கும். அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்பது பிள்ளைக்கு விளங்கிவிட்டது. எப்போது வருவாள் என்பது மட்டும் தெரியாது. களவாக நழுவிப் போகாதீர்கள், அடுத்த நாள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். "அம்மா போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வாருங்கள். வேலைக்குப் போகும் நாங்கள் மூன்று பேர் டே கெயார் வாசலில் அழுதிருக்கிறோம், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்களாம்.

போன் காட்டலாமா?

இரண்டு வயதுக்கு முன்பு திரை வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் அப்பப்பாவோடு வீடியோவில் கதைப்பது வேறு. அங்கே ஒரு மனிதர் பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்கிறார். அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கமும் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் பாட்டுப் போட்டுவிடுவதுதான் சிக்கல். நானும் போட்டிருக்கிறேன், நிறுத்த மூன்று வாரம் பிடித்தது.

எல்லாவற்றையும் இடக்கையால் எடுக்கிறான். மாற்ற வேண்டுமா?

இடக்கைக்காரன் என்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு வயதில் பிள்ளை இரண்டு கையையும் மாறி மாறிப் பாவிக்க வேண்டும். 18 மாதத்துக்கு முன்பு மற்றக் கையை எப்போதும் மடக்கி வைத்துக்கொண்டு ஒன்றையே பாவித்தால், அது எந்தக் கையாக இருந்தாலும், ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்படியென்றால் எப்போது உண்மையாகவே பயப்பட வேண்டும்?

பிடிக்காமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, நிறுத்தினால் கால் தொய்கிறது, பெயருக்கும் சத்தத்துக்கும் திரும்பவில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை, துணியால் மூடி ஒளித்த பொருளைத் தேடவில்லை. எல்லாவற்றையும்விட, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை. கை ஆட்டிய பிள்ளை ஆட்டுவதை நிறுத்திவிட்டால், உளறிய பிள்ளை மௌனமாகிவிட்டால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். மிஸ்ஸிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் சொன்னால் வழி காட்டுவார்கள். தேவையானால் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

எங்கள் ஐவரில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒன்று இருந்தது. முதலில் காட்டிய தனியார் கிளினிக்கில் "பெண் பிள்ளை, கூச்சம்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். தாய்க்கு மனம் ஆறவில்லை, வேறிடத்தில் காதைச் சோதித்தாள். ஒரு காது கேட்கவில்லை, மற்றதும் குறைவு. இன்றைக்குக் காதுக் கருவியோடு எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கதைக்கிறாள்.

பிறந்தநாளை எப்படி வைப்பது?

பிள்ளையின் மதியத் தூக்கத்துக்குப் பிறகு, ஒன்றரை மணித்தியாலத்துக்குள், முடிந்தால் வீட்டில். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், வாயில் போனால் ஆபத்து. எங்கள் மூத்தவளுக்கு மண்டபம் எடுத்து, இரவு ஏழரைக்குக் கேக் வெட்டினோம். எல்லாப் படத்திலும் வாயைத் திறந்து அழுகிறாள். சின்னவனுக்கு மொட்டைமாடியில், அதே பாயில்.

சரி, உங்கள் மகன் எப்போது நடந்தான்?

பதினாலாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பிரிட்ஜிலிருந்து காஸ் சிலிண்டர்வரை நாலு எட்டு. பார்த்தது ஆயா மட்டும். "என்ன, என்ன" என்று அவர் கூப்பிட்ட சத்தம் கேட்டு நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் தரையில் இருந்துவிட்டான்.